மண்டூர் வரை வாவி வழியே: அறுபதைத் தாண்டிய இருவர் படகேற ஆயத்தமாவது எப்படி

மட்டக்களப்புக் கல்லடியிலிருந்து, வாவியின் தென்பக்கமுள்ள மண்டூருக்குத் தரைவழியே போவது பெரிய காரியமில்லை. கல்முனை பஸ்ஸில் ஏறிக் களுவாஞ்சிக்குடியில் இறங்கி, பட்டிருப்புப் பாலத்தால் சுற்றிப் போகலாம். இல்லாவிட்டால் குருமண்வெளித் துறையில் பாதை ஏறி அக்கரையில் இறங்கலாம். (வெளியூர்க்காரருக்கு: எங்கள் பக்கத்தில் ‘பாதை’ என்றால் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவை.) வாவி வழியே போனால் 30 கிலோமீற்றர் அளவு வரும். 15 குதிரைவலு இன்ஜின் பூட்டிய பைபர் படகில் ஆறுதலாகப் போக மூன்று மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். இளந்தாரிகளுக்கு அது ஒரு பயணமே இல்லை. முழங்கால் தேய்ந்தவருக்கும் மணிக்கொருக்கால் மூத்திரம் முட்டுபவருக்கும் அது கடல் தாண்டுகிற மாதிரி.

எனக்கு 68, மனைவிக்கு 64. அவவுக்குப் பிரஷரும் இரண்டு முழங்காலிலும் தேய்மானமும். எனக்குச் சீனி வருத்தமும் (நீரிழிவு), இந்த வயது ஆம்பிளைகளுக்கு வருகிற புரொஸ்டேட் தொல்லையும். அவவின் அம்மம்மா காலத்தில் எழுவான்கரையிலிருந்து (வாவியின் கிழக்குக் கரை) மண்டூர் முருகன் கோயில் தீர்த்தத்துக்குத் தோணியில்தான் போவார்களாம். ஒருதரம் அப்படிப் போக வேண்டும் என்பது அவவின் நெடுநாள் ஆசை, பிறகு அது நேர்த்தியாகவும் ஆகிவிட்டது. முதல் தரம் போனபோது நான் காட்டிய அவசரத்தில் அவ கரையிலே விழுந்து, கோயில் வாசலை மிதிக்காமலே ஆட்டோவில் திரும்பினோம். அடுத்த வருஷம் ஆறு கிழமை ஆயத்தப்பட்டுப் போனோம். சுகமாகப் போய்ச் சேர்ந்தோம். இரண்டுக்கும் நடுவில் கற்றதை ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வயதானவர்களுக்குப் படகுப் பயணத்தில் ஆபத்து நடு வாவியில் இருப்பதைவிடத் துறையில்தான் அதிகம். ஏறும்போதும் இறங்கும்போதும் விழுகிறோம். அதற்கு அடுத்தது, மூத்திரத்துக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் விடுவது. மற்றதெல்லாம் இவை இரண்டுக்கும் பின்னால்தான்.

மாதமும் மணியும்

மண்டூர்க் கந்தசுவாமி கோயில் தீர்த்தம் ஆவணிப் பூரணையில் வரும். அது கச்சான் (தென்மேற்குக் காற்று) காலம். விடியப்புறம் வாவி எண்ணெய் ஊற்றின மாதிரிக் கிடக்கும். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். தெற்கு நோக்கிப் போகிற படகுக்குக் கச்சான் வலப்பக்க முகத்தில், அதாவது படுவான்கரைப் (மேற்குக் கரை) பக்கமிருந்து அடிக்கும். சின்ன அலைதான், ஆனால் ஒவ்வொன்றும் தண்ணீரைத் தூக்கி மடியில் போடும். ஆகவே விடிய 5 மணிக்குப் படகு துறையை விட வேண்டும், 9 மணிக்குள் போய்ச் சேர வேண்டும். "சாப்பிட்டுட்டு ஆறுதலா ஏழு மணிக்கு வெளிக்கிடுவம்" என்று சொல்கிற படகுக்காரர் நல்லவராக இருக்கலாம், ஆனால் உங்களுக்கு ஏற்றவர் இல்லை.

கோயிலுக்கென்று இல்லாமல் சும்மா வாவி பார்க்கப் போகிறவர்கள் மாசி, பங்குனியைத் தெரிந்தெடுங்கள். மழை ஓய்ந்து, கச்சான் தொடங்காத நேரம் அது. சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரத்தில் இடி மின்னல் வரும். வெட்டவெளித் தண்ணீரில் ஒரு படகில் நீங்கள்தான் உயரமான பொருள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கார்த்திகை, மார்கழியில் வேண்டவே வேண்டாம். வெள்ளம் இறங்கி, முகத்துவாரம் வெட்டி, வாவியின் ஓட்டமே மாறிவிடும்.

ஆறு கிழமைக்கு முதல்: திருவலைப் பரீட்சை

படகுப் பலகை கதிரை உயரத்தில் இருக்காது. குந்தினால் முழங்கால் இடுப்புக்கு மேலே வந்துவிடும். அந்த உயரம் எங்கள் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது, தேங்காய் திருவுகிற திருவலையின் கட்டை. (நாக்கை மறுபக்கம் திருப்பி வைத்துவிட்டுக் குந்துங்கள்.) கையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு அதிலிருந்து ஐந்து தரம் எழும்பிப் பாருங்கள். எழும்ப முடிந்தால் நல்லது. கை ஊன்றித்தான் எழும்புகிறீர்கள் என்றால் படகிலும் பிடிக்க ஏதாவது வேண்டும் என்று அர்த்தம். அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

மனைவிக்கு முதல் நாள் ஒரு தரம்கூட ஏலவில்லை. "இஞ்சருங்க, நான் போகேலாது போல" என்று சொல்லிவிட்டு அங்கேயே இருந்து தேங்காயைத் திருவி முடித்தா. மறுகா நாளுக்கு இரண்டு நேரம், முதலில் உயரமான கதிரையிலிருந்தும் பிறகு பதிவான வாங்கிலிருந்தும் எழும்பிப் பழகினா. ஐந்தாம் கிழமை திருவலையில் மூன்று தரம் வந்தது. எனக்கு முழங்கால் பரவாயில்லை, சமநிலைதான் பிழை. சுவரோரம் நின்று ஒற்றைக் காலில் பத்து எண்ணும் பயிற்சியை நான் பல் விளக்கும்போது செய்தேன்.

கூடவே, முதுகு சாயாமல் வாங்கில் ஒரு மணி நேரம் இருந்து பாருங்கள். ரேடியோ கேட்டுக்கொண்டு இருக்கலாம். எங்கே நோகத் தொடங்குகிறது, எத்தனை நிமிஷத்தில் என்று குறித்து வையுங்கள். எனக்கு 25ஆவது நிமிஷத்தில் வால் எலும்பு. அதனால்தான் தலையணை எடுத்துப் போனேன்.

இந்தக் காலத்துக்குள் வருகிற மாதக் கிளினிக்கில் பயணத்தைச் சொல்லுங்கள். "கோயிலுக்குப் போறம்" என்றால் டொக்டர் தலையாட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். "மூன்று மணி நேரம் திறந்த படகில், வெயிலில், மலசலகூடம் இல்லாமல்" என்று சொன்னால் பேனாவைக் கீழே வைப்பார். கேட்க வேண்டியவை இவை:

தண்ணி மாத்திரை (மூத்திரத்தைக் கூட்டுவது) போடுகிறவர்கள் அதை அன்று எப்போது போடுவது என்று கேளுங்கள். மனைவிக்கு அன்று மட்டும் போய்ச் சேர்ந்த பிறகு போடச் சொன்னார்கள். உங்களுக்கு வேறு விதமாகச் சொல்லக்கூடும். இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ வைத்தியம் எடுப்பவர்கள் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தீர்த்தத்துக்கு விரதம் பிடிப்பவர்கள் இதைக் கட்டாயம் கேளுங்கள். சீனிக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துவிட்டு வெறும் வயிற்றோடு இருந்தால் சீனி ஒரேயடியாக இறங்கிவிடக்கூடும். வியர்வை, நடுக்கம், கண் இருட்டுதல், உளறல் எல்லாம் வரும். படகில் அதைப் பார்க்கிறவர் வெயில் என்று நினைப்பார். நான் அன்று விரதம் பிடிக்கவில்லை. எனக்கும் சேர்த்து அவ பிடித்தா. முருகன் கணக்கில் அது சரிவந்திருக்கும் என்றே நம்புகிறேன்.

தலைச்சுற்று மாத்திரையைக் கடையில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். வாவியில் பெரிய ஆட்டம் இல்லை, அது பெரும்பாலும் தேவைப்படாது. அந்த வகை மாத்திரைகள் பல தூக்கத்தைத் தரும், தூக்கக் கலக்கத்தோடு துறையில் இறங்கினால் விழுகைதான். புரொஸ்டேட் தொல்லை உள்ள ஆம்பிளைகளுக்குச் சில மாத்திரைகள் மூத்திரத்தையே அடைத்துவிடும்.

படகும் படகுக்காரரும்

படகைப் பகலில், தண்ணீர் ஓரத்தில் நின்று பாருங்கள். பலகைகள் ஆடுகின்றனவா, தரையில் வழுக்கும் பாசியோ எண்ணெயோ இருக்கிறதா, பதிவு இலக்கம் பக்கத்தில் தெரிகிறதா. இன்ஜின் நின்றுபோனால் கரை சேர்க்கத் துடுப்பும் நீளக் கம்பும் உள்ளே கிடக்க வேண்டும். வாவி பல இடத்தில் ஆளுயரமும் இல்லை என்பதால் கம்பு ஊன்றியே கரைக்கு வந்துவிடலாம். ஆனால் "ஆழமில்லைதானே" என்று இறங்கி நடக்க நினைக்காதீர்கள். அடியில் இருப்பது சேறு, காலை விடாது. தெற்குப் பக்கம் பற்றைக்கரைகளில் முதலையும் உண்டு.

உயிர்காப்பு அங்கி இரண்டு பேருக்கும் அளவாக இருக்க வேண்டும். போட்டுக்கொண்டு குந்திப் பாருங்கள். குந்தியதும் நாடி வரை ஏறி வந்தால் அது பெரிது. உள்ளே இருக்கும் பஞ்சை அமத்திவிட்டுக் கையை எடுங்கள். அது திரும்பி எழும்பாவிட்டால் பழசு. அங்கியைப் போட வேண்டிய இடம் கரை. ஆபத்து வந்தால் போடலாம் என்று ஆசனத்துக்குக் கீழே வைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: 2021 நவம்பர் 23ஆம் திகதி திருகோணமலைப் பக்கம் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பள்ளிப் பிள்ளைகள் போன பாதை கவிழ்ந்தபோது, தேடி எடுத்துப் போட யாருக்கும் நேரம் இருக்கவில்லை. அதுவும் குறுகிய தூரம்தான்.

படகுக்காரரிடம் நான் கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, வயசான ஆக்களை எப்படி ஏத்துவீங்க?" ஒருவர், "தூக்கி வைப்பன் ஐயா" என்றார். இரண்டாவது ஆள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அம்மாட எந்தக் கால் நோ?" என்று கேட்டார். அவரைத்தான் பிடித்தோம்.

ஏறுதல், இறங்குதல்

முதல் வருஷக் கதையை இங்கே சொல்ல வேண்டும். மண்டூர்க் கரைக்கு வந்ததும் நான் முன்னுக்குப் பாய்ந்து இறங்கினேன். பாய்ந்த வேகத்தில் படகு பின்னுக்கு வழுகியது. அவ ஒரு காலைக் கல்லில் வைத்தா, மற்றக் கால் படகில். நடுவில் தண்ணீர் அகன்றுகொண்டே போனது. நான் கையை நீட்டினேன், ஈரக் கை ஈரக் கையைப் பிடித்து வழுக்கியது. முழங்கால் கல்லில் அடிபட்டு, இடுப்பளவு தண்ணீரில் சீலையோடு இருந்தா. எலும்பு முறியாதது அதிர்ஷ்டம். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் என்னோடு பறையவில்லை.

அதிலிருந்து வந்த ஒழுங்கு இது:

படகு கரைக்குக் குத்தாக மூக்கை இடித்துக்கொண்டு நிற்கக் கூடாது. பக்கவாட்டில் வந்து, முன்னும் பின்னும் கட்டப்பட வேண்டும். கட்ட இடமில்லாவிட்டால் ஒருவர் தண்ணீரில் இறங்கி விளிம்பைப் பிடிக்க வேண்டும். இன்ஜின் நின்று, படகின் ஆட்டமும் நிற்கும் வரை ஒருவரும் எழும்பக் கூடாது.

இறங்குதுறைப் படி இருந்தால் அதன் விளிம்பில் குந்துங்கள், இரண்டு காலையும் படகின் நடுத்தளத்தில் வையுங்கள், பிறகுதான் எழும்ப வேண்டும். நின்றபடி எட்டி வைப்பதைவிட இது நூறு மடங்கு சுகம், பார்க்கத்தான் கொஞ்சம் வெட்கம். படகின் விளிம்பில் மிதிக்காதீர்கள், ஆசனப் பலகையிலும் மிதிக்காதீர்கள். கால் படுகிற இடம் எப்போதும் நடுத்தளம்.

படி இல்லாத மண்கரைக்கு எங்கள் படகுக்காரர் கண்டுபிடித்தது பிளாஸ்டிக் மீன் பெட்டி. கவிழ்த்துச் சேற்றில் வைத்து, அவரே ஏறி நின்று இரண்டு தரம் மிதித்தார். மூன்று விரல் அளவு புதைந்து பிறகு அசையவில்லை. பெட்டி நகராமல் பக்கத்தில் மண் நிரப்பிய உரப்பை ஒன்றைச் சாய்த்தார். கரையிலிருந்து படகு ஒரு பெரிய எட்டாக இருந்தது, இப்போது இரண்டு சின்ன எட்டாகிவிட்டது. முழங்கால்காரருக்கு அந்த வித்தியாசம் விளங்கும்.

கையைக் கொடுக்கும்போது உள்ளங்கையைப் பிடிக்காதீர்கள். அவருடைய மணிக்கட்டை நீங்களும் உங்கள் மணிக்கட்டை அவரும் பிடிக்க வேண்டும். ஈரமானாலும் வழுக்காது. கையைத் தருகிறவர் இழுக்கக் கூடாது, தூணாக நிற்க வேண்டும். நம்முடைய பாரத்தை நாமேதான் தூக்க வேண்டும்.

படி ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது நோகிற கால் முன்னே என்று பிசியோதெரபியில் சொல்லித்தருவார்கள். படகுக்கும் அதுதான். தூரப்பார்வையும் கிட்டப்பார்வையும் சேர்ந்த கண்ணாடி போடுகிறவர்கள் கீழ்ப்பகுதியால் பார்த்தால் கால் வைக்கும் இடம் மங்கலாகத் தெரியும். நாடியை நெஞ்சோடு சேர்த்து, மேல்பகுதியால் பாருங்கள்.

இதையெல்லாம் ஒரு பின்னேரம் ஒத்திகை பார்த்தோம். படகு எங்கும் போகவில்லை. கல்லடியில் கரையோடு நிற்க, நாலு தரம் ஏறி நாலு தரம் இறங்கினோம். பெடியன்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். படகுக்காரருக்கு அந்த அரை மணிக்கும் காசு கொடுங்கள்.

எங்கே இருப்பது, எதை உடுப்பது

படகின் மூக்கு துள்ளும். நடுவுக்குச் சற்றுப் பின்னால்தான் குலுக்கல் குறைவு. இரண்டு பேரும் ஒரே பக்கம் சாய்ந்து கதைத்துக்கொண்டிருக்கக் கூடாது, ஒரே பலகையில் ஆளுக்கொரு பக்கமாக இருங்கள். பிளாஸ்டிக் கதிரையை உள்ளே வைத்து ‘அம்மாக்குச் சௌகரியம்’ என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். கதிரை பாரத்தை உயர்த்திவிடும், வழுக்கவும் செய்யும். பலகையில் தலையணை, முதுகுக்கு உரப்பையில் அடைத்த பழைய துணி, அது போதும். அரை மணிக்கொருதரம் இருந்தபடியே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். கால் வீங்காது.

குடை வேண்டாம். கச்சான் பிடித்தால் அது பாய்மரம். நாடியில் கட்டுகிற நாடா வைத்த தொப்பி நல்லது. விடியப்புறம் புறப்பட்டால் சூரியன் இடப்பக்கமாக ஏறும். இடக் காதும் கன்னமும் பொசுங்கிய பிறகுதான் தெரியும், ஆகவே ஈரத்துவாயை இடத் தோளில் போட்டுக்கொள்ளுங்கள்.

சீலை நனைந்தால் காலைக் கட்டிவிடும். அவ பழைய சட்டையும் உள்ளே காற்சட்டையுமாக வந்து, கோயிலுக்குரிய சீலையை இரட்டைப் பொலித்தீனில் சுற்றி எடுத்து வந்தா. சாரம் கட்டுகிறவர்களுக்கும் அதே கதைதான், எழும்பும்போது நுனியை நாமே மிதிப்போம். காலுக்குச் செருப்பு வேண்டாம். சேறு அதைப் பிடுங்கிக்கொள்ளும், வெறுங்காலை மட்டி கிழிக்கும். பின்வார் வைத்த இறப்பர்ச் சப்பாத்து வாங்குங்கள்.

தண்ணீரும் மூத்திரமும்

இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை ஒருவரும் எழுதாததால்தான் கோயில் வரிசையில் கிழவர்கள் மயங்கி விழுகிறார்கள்.

நாங்கள் இரண்டு பேரும் முதல் வருஷம் இரவிலிருந்தே தண்ணீர் குடிக்கவில்லை, ஒருவருக்கொருவர் சொல்லாமலே. இரண்டாம் வருஷம் வெளிப்படையாகக் கதைத்தோம். ஆளுக்கு ஒன்றரை லீற்றர் போத்தல். புறப்படும்போது ஒரு கப், பிறகு அரை மணிக்கொரு சில மிடறு. தாகம் எடுக்கும் வரை காத்திருக்காதீர்கள், வயது போகப் போகத் தாகம் பிந்தித்தான் சொல்லும். வாவித் தண்ணீர் உவர், வாய் கொப்பளிக்கக்கூட உதவாது.

ஆம்பிளைகளுக்கு வாய் அகன்ற, மூடியுள்ள பிளாஸ்டிக் கான். இருந்தபடியே, சாரத்துக்குள் வைத்து. படகு ஓரத்தில் எழும்பி நின்று போகிற பழக்கத்தை விடுங்கள், தண்ணீருக்குள் விழுவதற்கு அதைவிட நேரான வழியில்லை. பொம்பிளைகளுக்கு மூடியுள்ள வாளியும், பிடிக்க ஒரு பெட்சீற்றும். படகை நிற்பாட்டி, படகுக்காரர் மற்றப் பக்கம் பார்க்க, இருந்தபடி முடிக்கலாம். இதை அவரிடம் முதலே சொல்லி வையுங்கள். எங்கள் ஆள், "எங்கட அம்மாவையும் கூட்டிட்டுப் போறநான்தானே" என்று ஒரே வார்த்தையில் கூச்சத்தை முடித்துவிட்டார்.

இடையில் கரையேறலாமே என்பீர்கள். அம்பிளாந்துறையில் அவவின் ஒன்றுவிட்ட தங்கச்சி வீடு இருக்கிறது, தேத்தண்ணியும் கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு தரிப்பும் ஒருதரம் இறங்கி ஒருதரம் ஏறுவது. ஆபத்து துறையில்தான் என்று சொன்னேனே. நாங்கள் ஒரு இடத்தில் மட்டும் தரித்தோம். இரண்டு மணி நேரம் தாங்கும் என்றால் அதையும் விட்டுவிடலாம்.

பொதி

மருந்தை நாள்வாரியாகச் சின்னப் பொலித்தீனில் கட்டி, ஒரு நாள் கூடுதலாக எடுங்கள். பாதியை உங்கள் பையிலும் பாதியை மற்றவர் பையிலும் வைத்தால் ஒரு பை தண்ணீரில் போனாலும் மருந்து மிஞ்சும். கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டுபோங்கள். தெரியாத வைத்தியசாலையில் அந்தக் கொப்பிதான் உங்களுக்காகப் பேசும். இன்சுலின் பாவிப்பவர்கள் குப்பியை ஈரத்துணியில் சுற்றிச் சின்ன மண்சட்டியில் வைத்து நிழலில் வையுங்கள். ஐஸ்கட்டி அதில் தொடக் கூடாது, உறைந்தால் மருந்து பழுது. குளுக்கோஸ் பைக்கற்றும் நாலைந்து ரொபியும் சட்டைப் பையில் இருக்கட்டும், பெரிய பைக்குள் வேண்டாம்.

சாப்பாட்டுக்குத் தேங்காய்ப்பூ ரொட்டி நல்லது. பிட்டு காற்றில் பறக்கும், இடியப்பம் வெயிலில் புளிக்கும். ரொட்டியை ஒரு கையால் பிடித்துத் தின்னலாம், மற்றக் கை படகைப் பிடித்திருக்கும். கோயில் பயணமென்றால் கட்டச்சம்பலுக்கு மாசிக் கருவாடு போடாதீர்கள். அதை நான் மறந்து, பிறகு சம்பல் இல்லாமல் தின்றேன்.

போனை இரண்டு பொலித்தீனில் போட்டு இறப்பர் பேண்ட் கட்டுங்கள். பிள்ளைகளின் நம்பரைப் பென்சிலால் கடதாசியில் எழுதி வையுங்கள், பேனா மை நனைந்தால் ஓடிவிடும். அம்புலன்ஸுக்கு 1990 அடிக்கலாம், இலவசம். ஆனால் அம்புலன்ஸ் தண்ணீருக்குள் வராது. எந்தத் துறைக்கு வர வேண்டும் என்று சொல்லத் தெரிய வேண்டும். அதற்காக வழியிலுள்ள துறைகளையும் பாலங்களையும் ஒரு துண்டில் வரிசையாக எழுதி வைத்தோம். ஒரு பிரதி மகளிடம் இருந்தது. மண்முனைப் பாலத்தில் ஒரு கோல், பட்டிருப்புப் பாலத்தில் ஒரு கோல், சேர்ந்ததும் ஒன்று. அரை மணி பிந்தினால் அவள் எடுப்பாள், ஒரு மணி பிந்தினால் களுவாஞ்சிக்குடியிலுள்ள மருமகன் மோட்டார் சைக்கிளில் கரைக்கு வருவார் என்று பேச்சு.

புறப்படும் நாள்

4 மணிக்கு எழும்பி, தேத்தண்ணியும் ஒரு ரொட்டியும், மாத்திரைகள், மலசலகூடம். அங்கியைத் துறையிலேயே போட்டோம். அன்று பூரணைக்கு முதல் நாள். படுவான்கரைப் பக்கம் நிலவு பதிந்துகொண்டிருந்தது. கல்லடியில் 1924இல் கட்டிய பழைய பாலமும் 2013இல் திறந்த புதிய பாலமும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்க, நாங்கள் தெற்கே திரும்ப முதல், படகுக்காரர் தானாகவே இன்ஜினை நிற்பாட்டினார். துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மற்ற நுனியில் காதை வைத்தால் மீன் பாடுவது கேட்கும் என்று மட்டக்களப்பில் பிறந்தவனுக்குச் சொல்லத் தேவையில்லை. அவ நெடுநேரம் காதை வைத்திருந்தா. கேட்டது என்றா. எனக்கு என் காதுக்குள் எப்போதும் இரைகிற இரைச்சல்தான் கேட்டது.

வழியில் கவனிக்க வேண்டியவை கொஞ்சம். காத்தான்குடி, ஆரையம்பதிப் பக்கம் வலைகளும் தடிகளும் நட்டிருக்கும். வெளிச்சம் வரும் வரை மெதுவாகப் போகச் சொல்லுங்கள், கையை வெளியே தொங்கப் போடாதீர்கள். 2014 வரை பாதை ஓடிய இடத்தில் இப்போது மண்முனைப் பாலம். பாலத்தடியில் தண்ணீர் ஒடுங்கி ஓடும், அந்த நேரம் ஆட்டம் கொஞ்சம் கூடும். இருந்த இடத்தில் இருங்கள், படம் எடுக்க எழும்பாதீர்கள். குருக்கள்மடத்துக்கும் அம்பிளாந்துறைக்கும் நடுவே குறுக்கே ஓடும் பாதைக்கு வழி விட வேண்டும். பழுகாமம் தாண்டிப் போகப் போக ஆற்றுவாழை (தண்ணீரில் மிதந்து படரும் செடி) தட்டுப்படலாம். இன்ஜின் விசிறியில் சுற்றினால் படகு நிற்கும். பதறாதீர்கள், வெட்டி எடுக்கப் பத்து நிமிஷம் போதும். நாங்கள் அந்தப் பத்து நிமிஷத்தில்தான் வாளியைப் பாவித்தோம்.

பட்டிருப்புப் பாலத்துக்கு அப்பால் காற்று வலப்பக்கம் தட்டத் தொடங்கியது. 8 மணி 20க்கு மண்டூர்க் கரை. மீன் பெட்டி இறங்கியது, உரப்பை இறங்கியது. "அம்மா, இரிங்க. நான் சொன்னாப்பிறகு எழும்புங்க" என்றார் படகுக்காரர். நான் பாயவில்லை. கடைசியாகத்தான் இறங்கினேன்.

கோயிலுக்கு உடனே ஓடாதீர்கள். மூன்று மணி நேரம் ஆடின உடம்பு கரையிலும் ஆடும். நிழலில் இருபது நிமிஷம் இருந்து, தண்ணீர் குடித்து, மருந்தைப் போட்டு, உடுப்பை மாற்றிக்கொண்டு நடவுங்கள். சின்னக் கதிர்காமம் என்று சொல்கிற கோயில் அது. பூசகர் வாய் கட்டித் திரைக்குள் செய்கிற பூசைக்கு நெடுநேரம் நிற்க வேண்டி வரும். மடக்குக் கதிரை ஒன்று கொண்டுபோனது அங்கேதான் உதவியது.

திரும்புதல்

திரும்பிப் படகில் வர வேண்டாம் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். களைத்த காலும் பின்னேரக் கச்சானும் சேரக் கூடாது. ஒரு இரவு சொந்தக்காரர் வீட்டில் தங்கி, தீர்த்தம் முடிய, பாதையில் குருமண்வெளிக்கு வந்து பஸ் எடுத்தோம். அன்று பாதை ஓடுகிறதா, கடைசி நேரம் எது என்று முதல் நாளே கேட்டு வையுங்கள். தீர்த்த நாளில் சனம் நெருக்கும். முதல் பாதையை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறினால் ஒன்றும் குறையாது. ஏறினால் ஓரக் கம்பியில் சாயாமல் நடுவில் நில்லுங்கள்.

கடைசி வேலை ஒன்று, அன்றிரவே செய்ய வேண்டியது. சீனி வருத்தக்காரருக்குக் காலில் உணர்ச்சி குறைவு, மட்டி கீறியது தெரியவே தெரியாது. சேற்றைச் சோப்பும் நல்ல தண்ணியும் போட்டுக் கழுவி, விரல் இடுக்கைத் துடைத்து, உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். தன் உள்ளங்காலைத் தானே பார்க்க இந்த வயதில் யாருக்கு முதுகு வளைகிறது? நான் வாங்கில் காலை நீட்ட, அவ டோர்ச் லைட்டைப் பிடித்து ஒவ்வொரு விரலாக விரித்துப் பார்த்தா. இடது சின்னவிரலுக்குக் கீழே நகத்தளவு கீறல் ஒன்று இருந்தது. மருந்து போட்டா. பிறகு டோர்ச்சை என்னிடம் தந்து, தன் முழங்காலைக் காட்டி, "இது வீக்கமா, இல்லாட்டி எப்பவும் இப்பிடித்தானா?" என்று கேட்டா.